எழுத்து ஓடாது, பஸ் ஓடும்

எனக்குக் கண் நன்றாகத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மூன்று டாக்டர்கள் இதையே எனக்குச் சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். கண்ணாடி இல்லாமல் கடைசி வரிப் பொடி எழுத்துவரை படிப்பேன். எதிரில் நிற்பவர் புடவையில் ஒரு நூல் பிரிந்திருந்தால் அதுவும் தெரியும். ஆனால் போன மார்கழியிலிருந்து பல மாதங்கள், அசைகிற எதுவும் எனக்கு அசையவில்லை. பஸ் தூரத்தில் நிற்கும். அப்புறம் அதே பஸ் என் மூக்குக்கு முன்னால் நிற்கும். அது வந்த வழியை யாரோ கத்தரித்து எடுத்துவிட்டார்கள்.

இப்போது தேவலை. முழுசாகச் சரியாகாது என்றும் சொல்லிவிட்டார்கள். கோபம் கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் எழுது என்றார் என் கணவர். ஆறினால் எழுதமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதனால் சூட்டோடு எழுதுகிறேன்.

என் பெயர் தமிழ்ச்செல்வி. பிறந்தது தொட்டியம் பக்கம், வாழ்க்கைப்பட்டது ஸ்ரீரங்கத்தில். கணவர் சேகர் தென்னூரில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் இருக்கிறார். மகள் யாழினி கல்லூரியில் படிக்கிறாள். நான் உறையூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். என் பிழைப்பு பூப்பந்தாட்டம். வலைக்கு இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், நடுவில் மஞ்சள் கம்பளி நூலால் செய்த சின்னப் பந்து. அதை ஆடவும் சொல்லித்தருவேன், மாவட்டப் போட்டிகளில் நடுவராகவும் நிற்பேன். செல்வி மிஸ் விசில் ஊதினால் மறுபேச்சு இல்லை என்று ஒரு பெயர் எனக்கு இருந்தது. அந்தப் பெயரைச் சம்பாதிக்க எனக்கு என் இளமை முழுக்க ஆனது. அது போனது ஒரே மத்தியானத்தில்.

ஸ்ரீரங்கத்தில் வீடு இருந்தால், மார்கழி பிறந்ததும் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் உங்கள் ஞாபகம் வந்துவிடும். சொர்க்கவாசல் திறப்புக்கு எங்கள் வீட்டில் காலை நீட்ட இடம் இருக்காது. எல்லாருக்கும் சமையல், விரதம், விடியுமுன் கோயில். அந்த நேரத்தில் வீட்டுக்காரி விலக்காகிவிட்டால் என்ன ஆகும்? என் நாத்தனார் வாய்விட்டுச் சொல்லமாட்டார். "அதெல்லாம் பாத்துக்கிட்டியா செல்வி?" என்று போனில் மெதுவாகக் கேட்பார். பார்த்துக்கொள்வது என்றால் நாள் தள்ளிப்போடும் மாத்திரை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் கையில் கொடுப்பார்கள். யாருக்கு, ஏன், தலைவலி உண்டா, ரத்தக்கொதிப்பு உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். சேகர் கூச்சப்படாமல் போய் வாங்கிவருவார். மற்ற வீட்டு ஆண்கள் மாதிரி இல்லை என் புருஷன் என்று நான் பெருமைப்பட்டதும் உண்டு.

அந்த மார்கழியில் ஏகாதசிக்கு ஒரு தடவை சாப்பிட்டேன். அடுத்தாற்போல் பூப்பந்துப் போட்டி வந்தது, மைதானத்தில் சங்கடம் வேண்டாமென்று நிறுத்தாமல் தொடர்ந்தேன். ஏகாதசியன்று தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் வேறு. நடுவில் தலைவலி ஆரம்பித்தது. பின்மண்டையில் கைவைத்து அழுத்துகிற மாதிரி வலி. குனிந்தால் கூடும். கூட்டம், தூக்கமில்லை, காபி குடிக்கவில்லை என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

முதலில் தெரிந்தது பாலில்தான். அடுப்பில் வைத்த பால் பாத்திரத்தின் அடியில் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், சத்தியமாகக் கண்ணை எடுக்கவில்லை. அடுத்துப் பார்த்தால் பால் அடுப்பின் மேல் இருந்தது. அது பொங்கியதை நான் பார்க்கவில்லை. நாத்தனார் வந்து அடுப்பை அணைத்தார்.

"முன்னாடியே நிக்கிற, பால் பொங்கறது தெரியலையா?"

"பொங்கலை அண்ணி. அப்படியே இருந்துச்சு."

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்திருப்பார். அதுவும் எனக்குத் தெரியவில்லை. அவர் முகம் முதலில் சாதாரணமாக இருந்தது, அப்புறம் கோபமாக இருந்தது. கோபம் வந்ததைக் காணோம். வந்த பிறகுதான் தெரிந்தது. மனிதர்களின் முகங்கள் அன்றிலிருந்து எனக்கு அப்படித்தான் ஆகிவிட்டன. சிரிப்பு மலராது, சிரித்து முடித்த முகம்தான் வரும். பேசுகிறவர்களின் உதடு சும்மா இருக்கும், குரல் மட்டும் வரும். பார்க்கவே பயமாக இருந்ததால் தரையைப் பார்த்துப் பேசப் பழகினேன்.

போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு நான்தான் நடுவர். இரண்டு வெளிப்பள்ளிகள் மோதின. அதில் ஒன்று யாழினி படித்த பள்ளி. இதற்கு முன்பும் அந்தப் பள்ளிக்கு நான் விசில் ஊதியிருக்கிறேன், யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. அன்று பந்து மட்டையில் இருந்தது, அப்புறம் தரையில் இருந்தது. கோட்டுக்கு உள்ளே விழுந்து வெளியே உருண்டதா, வெளியே விழுந்து உள்ளே உருண்டதா, எனக்கு எப்படித் தெரியும்? விழுந்தபோது கேட்ட சத்தத்தை வைத்தும், ஆடுகிற பெண்களின் சத்தத்தை வைத்தும் கையைக் காட்டினேன். முதலில் சரியாகத்தான் போனது. கடைசியில் மூன்று பாயிண்ட் அடுத்தடுத்துத் தப்பாகப் போனது. மூன்றும் யாழினியின் பழைய பள்ளிக்குச் சாதகமாகப் போயிற்று.

தோற்ற பள்ளியின் பி.டி. டீச்சர் ராஜேஸ்வரி மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார். "மக படிச்ச ஸ்கூல்னா கண்ணு தெரியாதா மிஸ்?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். பின்னால் பெற்றோர்கள். யாரோ என்னை விலை போனவள் என்றார்கள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். என்ன சொல்வது? பந்து பறக்கவில்லை என்றா? மறுநாள் எங்கள் ஹெச்.எம். மேடம் என்னைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்கு விசில் வேண்டாம் செல்வி, நம்ம ஸ்கூல் பேரும் இருக்கு பாருங்க," என்றார். என்ன ஆயிற்று என்று அவரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் பள்ளிக்கு எதிரே ரோட்டைக் கடந்தேன். டவுன் பஸ் கோயில் வளைவுக்கு அந்தப் பக்கம் நின்றது. நிற்கிறதே என்று காலை வைத்தேன். பிரேக் சத்தம் கேட்டது, பஸ்ஸின் முன்கண்ணாடி என் தோளை ஒட்டி நின்றது. டிரைவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. நான் ரோட்டின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒரு அம்மா கையைப் பிடித்து ஓரமாகக் கொண்டுபோய் விட்டார். வீட்டுக்கு வந்து சேகரிடம் சொன்னேன். "டென்ஷன்ல இருக்க. ரெண்டு நாள் லீவு போடு," என்றார்.

லீவு போட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருட்டு அறையில் எதிர்ச்சுவரில் எழுத்து. படிங்க என்றார்கள், படித்தேன். ஒரு கண்ணை மூடிப் படிங்க, படித்தேன். கண்ணில் மருந்து விட்டு உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள்.

"பார்வை அருமையா இருக்கும்மா. பவர்கூட இல்ல."

"டாக்டர், ஓடறது எதுவும் ஓட மாட்டேங்குது."

"மங்கலா தெரியுதா?"

"இல்ல, தெளிவா தெரியுது. ஓடத்தான் மாட்டேங்குது."

அவர் சேகரைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழகப் போகிறது என்று அப்போது தெரியாது. பெண்பிள்ளை ஏதோ சொல்கிறாள், புருஷன்காரரே நீங்கள் சொல்லுங்கள் என்கிற பார்வை. கண்ணை ஈரமாக வைக்க ஒரு சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். பார்வையைச் சோதிக்க இந்த உலகத்தில் அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு அட்டை. அதில் இருப்பது எழுத்து. எழுத்து ஓடாது. பஸ்தான் ஓடும். ஓடாத ஒன்றைக் காட்டிக் காட்டி, ஓடுவதும் உனக்குத் தெரியும் என்று எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

இரண்டாவது டாக்டர் தலைவலிக்காரர். தலையை ஸ்கேன் எடுத்தார், சாதாரண ஸ்கேன். நார்மல் என்றார். ஒற்றைத்தலைவலியாக இருக்கும், சீஸ், சாக்லேட் சாப்பிடாதீங்க என்றார். எங்கள் வீட்டில் சீஸ் யாரும் கண்ணால் கண்டதில்லை. மூன்றாவது மனநல டாக்டர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, மற்ற இரண்டு பேரையும்விட அதிக நேரம் காதுகொடுத்துக் கேட்டார். ஆனால் கேட்டது எல்லாம் வீட்டில் சண்டை உண்டா, வேலையில் பிரச்சனை உண்டா என்றுதான். வேலையில் பிரச்சனை உண்டு என்றேன். உடனே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மைதானத்தில் நடந்த அவமானத்தை மனசு தாங்காமல் கண்மேல் போட்டுக்கொண்டுவிட்டது என்றார். பாலும் தலைவலியும் அதற்கு முன்பே வந்தது என்று நான் சொன்னதை அவர் எழுதிக்கொள்ளவில்லை. தூக்க மாத்திரை கொடுத்தார்.

சேகர் அவரை நம்பினார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. வீட்டுக்கு வரும் வழியில், ஓயாமரி சுடுகாட்டைத் தாண்டும்போது, "நீ எதையும் மனசுல வச்சுக்காத செல்வி," என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை, மண்டையில் இருக்கிறது என்று சொன்னேன்.

நம்பியது யாழினி ஒருத்திதான். அவள் என் முன்னால் உட்கார்ந்து ஸ்பூனை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். "என்னம்மா தெரியுது?" "நிறைய ஸ்பூன்," என்றேன். ஒரே ஸ்பூன், பல இடத்தில், எல்லாம் சும்மா நின்றது. அன்று மாலை, எட்டாம் வகுப்பிலேயே கழற்றி எறிந்த கொலுசைத் தேடியெடுத்துப் போட்டுக்கொண்டாள். தான் திடுக்கென்று எதிரில் முளைத்தால் அம்மா பயந்து போகிறாள் என்று அவளுக்குப் புரிந்திருந்தது. அதன்பிறகு அவள் அறைக்குள் வருவது எனக்குக் காதில் தெரிந்தது. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல மருந்தை இதுவரை யாரும் கொடுத்ததில்லை.

பொங்கல் முடிந்த வாரத்தில், குளித்துவிட்டு வந்தவள் கூடத்தில் விழுந்தேன். கையும் காலும் வெட்டி இழுத்ததாம். எனக்கு எதுவும் ஞாபகமில்லை. தென்னூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கண் விழித்தேன். நல்லவேளை வலிப்பு வந்தது என்று இப்போது நினைக்கிறேன். வலிப்பு எல்லார் கண்ணுக்கும் தெரியும். நான் சொன்னது யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

அங்கே மூளை நரம்பு டாக்டர் ஒரு அம்மா. குட்டையாக, கரகரத்த குரலோடு, யாரையும் உட்காரச் சொல்லாத ரகம். அவர் சேகரைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார்.

"ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா, கடைசி ரெண்டு மாசத்துல?"

"தூக்க மாத்திரை. கண்ணுக்கு சொட்டு மருந்து."

"அதில்ல. பீரியட்ஸ தள்ளிப்போட?"

நான் வாயைத் திறப்பதற்குள் சேகர், "நான்தான் வாங்கிட்டு வந்தேன் டாக்டர்," என்றார். அவர் குரல் உடைந்திருந்தது.

"நீங்க வாங்கினீங்க, கடைக்காரர் கொடுத்தார். விரதம் இருந்தீங்களா? தண்ணி குடிக்கலையா? வருஷா வருஷம் திருவிழா முடிஞ்சா எனக்கு இப்படி வந்துடறாங்க," என்றார் டாக்டர் அம்மா. அவருக்கும் கோபம். கோபப்படுகிற ஒரு டாக்டரைக் கடைசியில் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். மூளைக்கு ரத்தம் போக ஒரு குழாய் உண்டு, வெளியே வரவும் ஒரு குழாய் உண்டு. போகிற குழாய் அடைத்தால் அதை எல்லாரும் பக்கவாதம் என்று தெரிந்துவைத்திருக்கிறார்கள். எனக்கு வெளியே வருகிற குழாயில் ரத்தம் உறைந்துவிட்டது. அந்த மாத்திரை ரத்தத்தைச் சிலருக்கு உறையவைக்கும். உடம்பில் தண்ணீர் வற்றினால் இன்னும் சுலபமாக உறையும். வடிகால் அடைத்தால் வீட்டுக்குள் தண்ணீர் நிற்பது மாதிரி, பின்மண்டையில் இரண்டு பக்கமும் ரத்தம் தேங்கி அந்த இடம் கெட்டுவிட்டது. சாதாரண ஸ்கேனில் இது பல நேரம் தெரியாது. குழாய்களைத் தனியாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும். அந்தக் குகைக்குள் என்னை அனுப்பி, எடுத்து, பார்த்தார்கள். தெரிந்தது.

"அப்போ எனக்கு மனசுல ஒண்ணும் இல்லையா?"

"மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. மூளைல இது இருக்கு," என்றார்.

வயிற்றில் ஊசி போட்டு ரத்தத்தை நீர்க்கவைத்தார்கள். தொப்புளைச் சுற்றி நீலம் நீலமாக ரத்தம் கட்டியது. கட்டிலில் கிடந்து சலைன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சொட்டு விழாது. குழாயின் நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டே இருக்கும், பாட்டில் மட்டும் காலியாகிவிடும். நர்ஸ் வாசலில் இருப்பாள், அப்புறம் என் கையைப் பிடித்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப்போடும். யாழினி நர்ஸுகளிடம் போய், உள்ளே வரும்போது குரல் கொடுங்கக்கா என்று கேட்டுக்கொண்டாள். சிலர் கொடுத்தார்கள். ஒருத்தி, "எல்லாம் நேரம்," என்று முணுமுணுத்தாள். அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சேகர் பகல் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஆரஞ்சு உரிப்பார், ஒவ்வொரு சுளையிலும் நாரைச் சுத்தமாக எடுப்பார், கொட்டையை எடுப்பார், நான் வேண்டாம் என்றாலும் உரித்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"மனநல டாக்டர் சொன்னத ஏன் நம்புனீங்க? நான் சொன்னத ஏன் நம்பலை?"

"பயமா இருந்துச்சு செல்வி. மனசுன்னா சரியாயிடும்னு நெனச்சேன்."

"மாத்திரை வாங்கும்போது பயமா இல்லையா?"

"அதுல பயப்பட என்ன இருக்குன்னு எனக்கு யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லைதான். எனக்கும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள், பக்கத்து வீட்டுப் பெண்கள், கோயிலுக்கு மாலை போடுகிற வீட்டுப் பெண்கள், கல்யாணம் வைத்த வீட்டுப் பெண்கள் எல்லாரும் சாக்லேட் மாதிரி அதை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். பெருமாளுக்கு என் உடம்பில் என்ன தீட்டு என்று கேட்கிற தைரியம் எனக்கு அப்போது இல்லை. இப்போது இருக்கிறது. நாத்தனார் பார்க்க வந்தபோது கேட்டேன். அவர் அழுதார். "நானும் வருஷா வருஷம் போட்டிருக்கேண்டி," என்றார். அவரைத் திட்ட வைத்திருந்த வார்த்தையெல்லாம் வீணாயிற்று.

டாக்டர் அம்மா ஒருவரை வரவழைத்தார். பார்வை எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ச்சி பண்ணுகிற உளவியல்காரர். லேப்டாப்போடு வந்ததால் நாங்கள் அவருக்கு லேப்டாப்காரர் என்றே பெயர் வைத்துவிட்டோம். திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள்.

"எல்லாம் எந்தப் பக்கம் போகுது?"

"எங்கயும் போகலை."

"நல்லா பாருங்க."

"நல்லாத்தான் பாக்கறேன் சார். எல்லாரும் என்னை நல்லா பாக்கத்தான் சொன்னீங்க," என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். லேப்டாப்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் நின்ற சேகரைப் பார்க்கச் சொன்னார். "இடது பக்கமா ஓடுது," என்றார் சேகர், மெதுவான குரலில். அன்றுதான் அவர் முழுசாக என்னை நம்பினார் என்று நினைக்கிறேன்.

லேப்டாப்காரர் சொன்னதில் இது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஓட்டம் கண்ணில் இல்லை. கண் அனுப்புவதைப் பிரித்துப் பார்க்க மூளையில் தனித்தனி இடம் உண்டு, நிறத்துக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று, ஓட்டத்துக்கு ஒன்று. "ஜங்ஷன்ல ரயில்ல உக்காந்திருக்கும்போது பக்கத்து ரயில் கிளம்பினா நம்ம ரயில் கிளம்பின மாதிரி இருக்கும் இல்லையா? எது ஓடுதுன்னு மூளைதான் முடிவு பண்ணுது. சில சமயம் தப்பாவும் பண்ணும்." எனக்கு அந்த முடிவு எடுக்கிற இடம்தான் கெட்டுவிட்டது. தூரத்தைப் பார்ப்பது வேறு வேலை. அது எனக்கு நன்றாகவே இருந்தது. இரண்டு கண்ணும் கொஞ்சம் வேறு வேறு படம் அனுப்பும், அந்த வித்தியாசத்தை வைத்து எது கிட்டே, எது எட்ட என்று மூளை கணக்குப் போடும். அதனால் பஸ் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். தூரம் தெரியும், தூரம் குறைவது தெரியாது. எனக்குப் புரியட்டும் என்று, உங்கள் மூளைக்குள் இருக்கிற நடுவர் விசிலைத் தொலைத்துவிட்டார் என்றும் சொன்னார். அந்த உதாரணம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

பிறகு இன்னொன்று காட்டினார். கறுப்புத் திரையில் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள், வேறொன்றும் இல்லை. எப்போதும்போல் தெரியவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய் மூடவில்லை.

"சார், இது ஆளு. ஒரு ஆளு நடக்கறார்."

"எப்படித் தெரியுது?"

"எப்படின்னா? முட்டி மடங்குது, கை வீசறார். கொஞ்சம் விறைப்பா நடக்கறார். எங்க ஊர்ல பெருமாளே இதைவிட நல்லா நடப்பார்."

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு நான் சொன்னது புரியும். பல்லக்குத் தூக்குகிறவர்கள் தோளில் வைத்துப் போடுகிற நடையில் பெருமாள் சிங்கம் மாதிரி நடந்து வருவார். லேப்டாப்காரர் எட்டுக்கட்டைக் குரலில் சிரித்தார். ஒரு நடிகரின் மூட்டுகளில் மட்டும் விளக்கு வைத்து எடுத்த படமாம் அது. தோள், முழங்கை, இடுப்பு, முட்டி, கணுக்கால், அவ்வளவுதான். பொருட்களின் ஓட்டத்தைப் பார்க்கிற இடம் வேறு, மனித உடம்பின் அசைவைப் பார்க்கிற இடம் வேறு. என்னைப் போன்ற சிலருக்கு இரண்டாவது தப்பித்துவிடும், சுற்றிலும் வேறு அசைவு இருந்தால் அது அமுங்கிப்போகும் என்றார். இன்னொரு தடவை போடச் சொன்னேன். மறுபடி போடச் சொன்னேன். அந்தப் புள்ளி மனிதர் நடந்துகொண்டே இருந்தார். மார்கழிக்குப் பிறகு என் கண்முன்னால் அசைந்த முதல் ஆள் அவர். நான் அழுதேன். யாழினி எழுந்து, என் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் மெதுவாக நடந்து காட்டினாள். கொலுசுச் சத்தத்தோடு அவள் காலும் அசைந்தது. விட்டுவிட்டுத்தான் அசைந்தது, ஆனால் அசைந்தது.

வீட்டுக்கு வந்து வெயில்காலம் முழுக்கப் பழகினேன். மெதுவாகப் போகிற மாட்டுவண்டி, காவிரிப் பாலத்தில் ஊர்கிற லாரி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. வேகம் பிடிபடவில்லை. ரோட்டை இன்று வரை காதால்தான் கடக்கிறேன், யாராவது கையைப் பிடித்தால் எரிச்சல் வரும், ஆனால் பிடிக்க விடுகிறேன். ரத்தம் நீர்க்கிற மாத்திரை தினமும் உண்டு.

ஜூனில் பள்ளிக்குப் போனேன். ஹெச்.எம். மேடம் என்னை உட்காரவைத்து, "பாவம், உடம்பு சரியில்லாம இருந்திருக்கீங்க, நாங்க எல்லாரும் அதை மறந்துட்டோம்," என்றார்.

"எதை மேடம் மறந்தீங்க?"

"அந்த ஃபைனல் விஷயத்தத்தான்."

"நான் என்ன தப்பு பண்ணேன், நீங்க மறக்கறதுக்கு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இனி ஸ்கோர் மட்டும் எழுதுங்க, வெயிலில் நிற்க வேண்டாம் என்றார். எனக்கு மன்னிப்பு வேண்டாம், மைதானம் வேண்டும் என்றேன். சர்வீஸ் போடும்போது காலைப் பார்க்க ஒரு ஆள் வையுங்கள், அது நானாக இருக்கட்டும் என்றேன். பந்து மட்டையில் படுகிறவரை காலைத் தரையிலிருந்து எடுக்கக் கூடாது, கோட்டை மிதிக்கக் கூடாது. எல்லாரும் பந்தைப் பார்ப்பதால் இதை யாரும் பார்ப்பதில்லை. பிள்ளைகள் நைசாகத் தப்பித்துக்கொண்டிருந்தார்கள். மேடம் நீளமாக யோசித்தார். கடைசியில் ஒரு நட்பு ஆட்டத்தில் மட்டும் பார்க்கலாம் என்றார்.

அந்த ஆட்டத்துக்கு வந்தது ராஜேஸ்வரி டீச்சரின் பள்ளி. நடுவரும் அவர்தான். வெளிநடுவர் வரவில்லை. என்னைப் பார்த்ததும் வலையை இழுத்துக் கட்டப் போய்விட்டார். அவருக்கும் விஷயம் தெரிந்திருக்கும், என்ன பேசுவது என்றுதான் தெரிந்திருக்காது. நான் சர்வீஸ் கோட்டுக்கு நேராக, பக்கவாட்டில் நின்றேன். பந்து வழக்கம்போல இங்கே இருந்தது, அங்கே இருந்தது. அதை நான் பார்க்கவே இல்லை. பிள்ளைகளின் காலையும் இடுப்பையும் பார்த்தேன். மட்டை அடிக்கிற சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டேன்.

ஆட்டம் கடைசிவரை இழுத்தது. ஜெயிக்கிற பாயிண்ட்டுக்கு எங்கள் கேப்டன் ஷர்மிளா சர்வீஸ் போட்டாள். நான் வளர்த்த பிள்ளை, எனக்காக ஆஸ்பத்திரிக்கு வந்து அழுத பிள்ளை. அவளுடைய வலது குதிகால் எழும்பியது, முன்பாதம் தரையை விட்டது, அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. பந்து எதிர்ப்பக்கம் விழுந்திருக்க வேண்டும், எங்கள் பெண்கள் கூச்சல் போட்டுக் குதித்தார்கள். நான் விசில் ஊதினேன்.

ராஜேஸ்வரி டீச்சர் என் பக்கம் திரும்பினார். ஷர்மிளா மட்டையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மிஸ், பந்து உள்ளதான் விழுந்துச்சு."

"பந்து எங்க விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. உன் கால் கிளம்பினது தெரியும்."

ஷர்மிளா என்னை முறைத்தாள். முதலில் புருவம் நெருங்கியது. பிறகு மூக்கு விடைத்தது, உதடு ஒரு பக்கமாகச் சுழித்தது, கன்னம் சிவந்து முகம் மெல்லக் கோபமாயிற்று. தொடக்கத்திலிருந்து கடைசிவரை, நடுவில் ஒன்றும் விட்டுப்போகாமல், அந்தக் கோபம் வருவதை நான் பார்த்தேன்.

"நல்லா முறைச்சுக்கோ," என்றேன். "பாயிண்ட் அவங்களுக்குத்தான்."